அடங்க வேண்டிய இடமும் வாய்திறக்க வேண்டிய இடமும்



சில நாள்களுக்கு முன் எங்கள் ஆசிரியர் புலனக் குழுவில் ஒரு காணொலி வலம் வந்தது. ஜொகூர் பாருவில் ஓடும் பேருந்து ஒன்றின் பின்னிருக்கையில் நம் இளைஞர்கள் நால்வர். ஒருவன் கைப்பேசியில் திரைப்பாடலை உச்ச ஒலியில் அலறவிட, மற்ற மூவரும் முன்னிருக்கையின் முதுகில் தாளம் போடுகின்றனர். அந்த முன்னிருக்கையில், வேலை முடிந்து வரும் ஒரு பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு சன்னலில் தலைசாய்த்திருக்கிறார். காட்சி அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்த கருத்துகள்தாம் என்னை இதை எழுத வைத்தன. "நம் இனம் திருந்தாது", "இதனால்தான் மற்றவன் நம்மை மதிப்பதில்லை", "எல்லாம் பிறவிக் குணம்"... எழுதியவர்கள் அனைவரும் ஆசிரியர்கள்!

பிறவிக் குணம் என்று நம்புகிறவர் எதற்காகப் பள்ளிக்கூடத்திற்கு வருகிறார்? சம்பளத்திற்கா?

ஜொகூர்க்காரர்களாகிய நமக்கு இந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது. ஏனெனில், இது பொய் என்பதற்கான சான்று அன்றாடம் நம் கண்முன்னே கடற்பாலத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. 1923-இல் இரயில் ஓடத் தொடங்கி, 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வழியே நம் அண்ணன்மாரும் தங்கைமாரும் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே இரயிலில் ஏறியதும் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இறங்குவோருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். இரயிலுக்குள் தின்றாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை தண்டம் என்பதால் தண்ணீர்ப் போத்தலைக்கூடத் திறப்பதில்லை. அதே மனிதர் மாலையில் இக்கரைக்கு வந்து லார்க்கினில் பேருந்து ஏறுகிறார். கால் எதிர் இருக்கைக்குப் போகிறது. நாசி லெமாக் பொட்டலத்தின் தாள் இருக்கைக்கு அடியில் போகிறது. வீட்டாருடன் பேசும் பேச்சு பேருந்து முழுவதற்கும் கேட்கிறது. காலையில் ஓர் இனமாகவும் மாலையில் வேறோர் இனமாகவும் அவர் பிறந்தாரா? இல்லையே! அக்கரையில் அவரிடம் ஒன்றை எதிர்பார்த்தார்கள். இக்கரையில் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. இது தமிழருக்கு மட்டும் உரிய நோயும் அன்று. மூவினத்தாரையும் அந்தப் பேருந்துகளில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தண்டம் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் உடனே கிளம்புவார்கள். தண்டம் அச்சத்தைக் கற்றுக்கொடுக்கும். அச்சம் கடற்பாலத்தோடு முடிந்துவிடுகிறது என்பதைத்தானே மேலே பார்த்தோம்.

இதுவரை எழுதியது எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. இனி எழுதப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம் பயணப் பண்பாட்டில் கூச்சல் பாதிக் குற்றம்தான். மறு பாதி நம்முடைய மௌனம். அடங்க வேண்டிய இடத்தில் ஆர்ப்பரிக்கிறோம். வாய்திறக்க வேண்டிய இடத்தில் ஊமையாகிறோம். முதலாவதைப் பற்றி மட்டும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லிவிட்டு இரண்டாவதை நல்லொழுக்கம் என்று பாராட்டி வருகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். 2014-ஆம் ஆண்டு, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்த கையோடு ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். தேசிய அரும்பொருளகம், பத்துமலை, வழக்கமான பட்டியல்தான். சுற்றுலாப் பேருந்தில் ஒலிவாங்கி இருந்தது. கூலாய் தாண்டுவதற்குள் பாட்டுப் போட்டி தொடங்கிவிட்டது. பிள்ளைகள் நடைபாதையில் நின்று ஆடினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து அறிவிப்பாளர் வேலை பார்த்தவன் வேறு யாருமில்லை, நான்தான். "சார், பிள்ளைங்கள உட்காரச் சொல்லுங்க" என்று ஓட்டுநர் முதலில் சொன்னார். மாச்சாப் ஓய்வுத் தலத்தில் நின்று கிளம்பும்போது மறுபடியும் சொன்னார். சரி அண்ணே என்று தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தேன். யோங் பெங் தாண்டிய பிறகு ஒரு லோரி திடீரெனத் தடம் மாறிக் குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். நடைபாதையில் நின்ற மாணவி ஒருத்தி முன்னே பறந்து போய் விழுந்தாள். தாடையில் மூன்று தையல்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. திரும்பி வந்ததும் பெற்றோர்கள் கேட்டார்கள். ஓட்டுநர் அவசரமாகப் பிரேக் போட்டார் என்று பதில் சொல்லப்பட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, முழுவதும் அநியாயம். இரண்டு முறை எச்சரித்த மனிதரின் தலையில் பழி விழுந்தது. அருகில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் பேருந்தை அமர்த்தினோம்.

ஒரு பள்ளி ஆசிரியனின் பயண ஒழுக்கம் இந்த இலட்சணத்தில் இருந்தது. அந்த நான்கு இளைஞர்களைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி மௌனத்தின் இன்னொரு முகம். சில ஆண்டுகளுக்கு முன் லார்க்கினிலிருந்து ஈப்போவுக்கு இரவுப் பேருந்தில் சென்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் ஓட்டுநர் கைப்பேசியை எடுத்தார். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை காதில், சிரிப்பும் பேச்சுமாக வண்டி பறந்தது. விரைவுப் பேருந்துக்கு நெடுஞ்சாலையில் வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அவர் எவ்வளவில் ஓட்டினார் என்பது கார்களை எல்லாம் முந்தியதிலேயே தெரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் விழித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பத்தைந்து மாணவர்களை ஒரு பார்வையில் அடக்குகிற நான் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு மனத்திற்குள் முருகனைக் கூப்பிட்டேன். கடைசியில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மலாய் மூதாட்டி எழுந்து நின்றார். "பாங், லெத்தாக் டூலு தெலிபோன் இத்து. காமி செமுவா நாக் பாலேக் ரூமா." தம்பி, அந்தப் போனை முதலில் வை, நாங்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. ஓட்டுநர் கைப்பேசியை வைத்துவிட்டார். வேகமும் குறைந்தது. அவ்வளவு எளிதாக முடிகிற காரியம் அது!

அவ்வளவு எளிதான காரியத்தை ஏன் நாங்கள் யாரும் செய்யவில்லை? நாகரிகமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பேருந்தில் அமைதியாக வருபவர் நல்ல பயணி என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

2016 டிசம்பர் 24 அதிகாலையில், ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற விரைவுப் பேருந்து பாகோ அருகே நெடுஞ்சாலையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்து 14 பேர் இறந்தனர். 2025 ஜூன் 9 அதிகாலையில், கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் மாண்டனர். ஆசிரியக் கல்விக்கென்றே பெயர்பெற்ற பல்கலைக்கழகம் அது. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலருக்குத் தாய்வீடு. இறந்தவர்கள்மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. உறங்கிக்கொண்டிருந்த பயணிகளுக்கு என்ன பொறுப்பு இருக்க முடியும்? பேருந்துப் பயணம் என்பது உயிரை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் செயல் என்பதை இனியாவது நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் ஓட்டுநரும் பயணிகளும் பாதுகாப்பு வார் அணிய வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துத் துறை நடைமுறைப்படுத்தியது. மீறினால் 300 ரிங்கிட் தண்டம். 2020 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்பட்ட பேருந்துகளில் வார் கட்டாயம் இருந்தாக வேண்டும். இது வந்தபோது நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? வயிறு இறுக்குகிறது, அழுக்காக இருக்கிறது, பணம் பிடுங்கும் வேலை! அழுக்காக இருந்தால் துடைத்துத் தா என்று நிறுவனத்தைக் கேட்க வேண்டும். அதைக் கேட்கமாட்டோம். கேட்பது நமக்குப் பழக்கமில்லை. அணியாமல் இருந்துவிடுவோம், அதுதான் எளிது.

நன்னெறிக் கல்விப் பாடத்தில் 14 நெறிகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். நன்றி நவில்தல், மரியாதை, மிதமான மனப்பான்மை, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை எல்லாம் அதில் உண்டு. பேருந்தில் முதியவருக்கு இடம் கொடுக்கும் சிறுவனின் படம் பயிற்சித்தாள்களில் எத்தனை முறை வந்திருக்கும்! மாணவர்கள் சரியான விடைக்கு வண்ணம் தீட்டி முழுப் புள்ளிகள் வாங்கிவிடுகிறார்கள். அதே 14 நெறிகளில் துணிவும் ஒன்று. துணிவுக்கு நாம் என்ன படம் போடுகிறோம்? ஆற்றில் விழுந்தவனைக் காப்பாற்றும் சிறுவன். திருடனைப் பிடிக்க உதவும் சிறுமி. "அங்கள், மெதுவாக ஓட்டுங்கள்" என்று சொல்லும் பிள்ளையின் படத்தை நான் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை. தயாரித்ததும் இல்லை.

இதை ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். ஒரு தந்தை எழுந்து, "பெரியவங்கள எதிர்த்துப் பேசக் கத்துக் கொடுக்குறீங்களா சார்?" என்றார். நல்ல கேள்வி, நம் வீடுகளில் பெரியவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பதில் நன்மையும் உண்டு. அதற்காக அந்த மலாய் மூதாட்டி ஓட்டுநரை எதிர்த்தா பேசினார்? பணிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி, எதைச் செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். சத்தம் போடுவதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு தெரியாததால்தான் நாம் ஒன்று கத்துகிறோம், இல்லையேல் முடங்கிவிடுகிறோம். பிள்ளை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள பெரியவரிடம் சொன்னால் போதும். அப்படிச் சொன்னதும், "சும்மா இருடா" என்று அதட்டாமல் இருப்பது அந்தப் பெரியவரின் கடமை. வேறொரு தாயார், நடுவழியில் இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அஞ்சத்தான் வேண்டியிருக்கிறது. ஓட்டுநரிடம் சொல்ல முடியாத நிலையில் வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு ஆப்பாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமைக்கு எழுதலாம். எழுதுவதும் பேசுவதுதான். கட்டுரை எழுதப் பயிற்சி கொடுக்கிறோமே, புகார்க் கடிதமும் ஒரு கட்டுரைதானே?

நிறுவனங்களுக்கும் ஒரு சொல். பயணிகளுக்கான ஒழுங்குமுறைப் பலகை எல்லாப் பேருந்திலும் தொங்குகிறது. புகைக்காதே, குப்பை போடாதே, அசுத்தம் செய்யாதே. பயணி எதை எதிர்பார்க்கலாம் என்று எழுதிய பலகை எங்கே? தாமதமானால் காரணம் சொல்லப்படும், கழிவறை நிறுத்தம் இத்தனை மணிக்கு, ஓட்டுநர் ஓய்வெடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? பதினெட்டு மணி நேரம் விழித்திருந்த ஓட்டுநரை அனுப்பிவிட்டு, பயணி சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினான் என்று குறைசொல்வது எந்த ஊர் நியாயம்?

இப்போது நம் மாநிலத்தில் பயணமே மாறிக்கொண்டிருக்கிறது. 2025 டிசம்பரில் இ.டி.எஸ். மின்சார இரயில் ஜே.பி. சென்ட்ரல் வரை வந்துவிட்டது. கோலாலம்பூருக்கு நான்கரை மணி நேர அளவில் போய்விடலாம். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான ஆர்.டி.எஸ். இரயில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. குளுவாங் நிலையத்தில் காப்பிக்காக வண்டி நின்ற காலத்தை நினைத்து என்னைப்போன்ற கிழங்கள் பெருமூச்சு விடலாம். பிள்ளைகள் ஏறப்போவது புதிய வண்டியில். அதிலும் கைப்பேசியை அலறவிடுவதா என்பதைப் புதிய வண்டி முடிவு செய்யாது.

எங்கள் பள்ளியின் இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதத்தில் மூன்று வரிகள் சேர்த்திருக்கிறேன். வார் அணியாத மாணவர் இருக்கும்வரை பேருந்து கிளம்பாது. வண்டி ஓடும்போது ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் சொல்வதை ஆசிரியர்களும் கேட்பார்கள். மூன்றாவது வரியைப் படித்த தலைமையாசிரியர் சிரித்தார். "இது பெற்றோருக்கு எதுக்கு சார்?" என்று கேட்டார். அடிக்காமல் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பழைய ஓட்டுநரின் தொலைபேசி எண்ணைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பழைய கோப்பில் தேடி எடுத்தேன். அந்த எண் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. லார்க்கின் பக்கம் போகும்போதெல்லாம் சுற்றுலாப் பேருந்துகளின் ஓட்டுநர் இருக்கையை எட்டிப் பார்க்கிறேன்.