ஹைபிரிட் கார் எடுக்கலாமா? ஒரு சின்னக் கணக்கு



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள், "சார், ஹைபிரிட் கார் எடுக்கலாமா?" என்று. அதில் ஒருவன் மனைவியின் நகையை அடகு வைத்து எடுக்கப் போவதாகச் சொன்னான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: நல்ல கார், ஆனால் எல்லோருக்கும் லாபமான கார் அல்ல.

மக்களே, ஹைபிரிட் என்பது கரண்ட் கார் இல்லை. இங்கே பரவலாக விற்கும் ஹைபிரிட்டை வீட்டு பிளக்கில் சார்ஜ் போட முடியாது. முப்பந்தல் காற்றாடிக் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடுவது முழுக்கப் பெட்ரோலில்தான்.

பிறகு மிச்சம் எங்கிருந்து வருகிறது? வகுப்பில் படித்த இயக்க ஆற்றலை நினைத்துப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடை, மணிக்கு 36 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 10 மீட்டர். ½mv² போட்டால் 75,000 ஜூல். சாதாரண காரில் பிரேக் மிதித்ததும் அவ்வளவும் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கைப் பிடித்து பேட்டரியில் சேர்க்கும். மறுபடி வண்டி நகரும்போது அந்தக் கரண்ட்தான் தள்ளும், இன்ஜின் அணைந்தே கிடக்கும். வடசேரி நெரிசலில் சத்தமில்லாமல் ஊரும். கிளட்ச் மிதிக்கும் வேலையும் இல்லை.

டொயோட்டா 1997-இல் பிரியஸில் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, 2022-இல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா கார்களிலும் வந்தது. அதன் பேட்டரி வெறும் 0.76 யூனிட். வீட்டு மீட்டர் கணக்கில் முக்கால் யூனிட்தான். நின்று நின்று ஓடுகிறவருக்கு அது போதும். காவல்கிணறு தாண்டி நால்வழிச் சாலையில் பிரேக்கே தொடாமல் நெல்லை போகிறவருக்குக் கிடைக்கும் மிச்சம் குறைவு. கம்பெனி சொல்லும் 27.97 கி.மீ. சோதனைக்கூடக் கணக்கு, நம் ரோட்டுக் கணக்கு அல்ல.

இனி காசுக்கு வருவோம். டவுனில் சாதாரண கார் 15 கி.மீ., ஹைபிரிட் 22 கி.மீ. தருவதாகவும், பெட்ரோல் 100 ரூபாய் என்றும் வையுங்கள். வருஷம் 10,000 கி.மீ. ஓடினால் மிச்சம் சுமார் 21,000 ரூபாய். விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால், அதை எடுக்கவே 14 வருஷம். அடகு வட்டி தனி. தினமும் மார்த்தாண்டம்–நாகர்கோவில் நெரிசலில் போய்வந்து வருஷம் 30,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஐந்து வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். துபாயில் டாக்ஸிக்கு ஹைபிரிட் ஓட்டுவதும் இதே கணக்கில்தான்.

இன்னொன்று. 'மைல்ட் ஹைபிரிட்' என்று விற்பதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. கிராண்ட் விட்டாராவிலேயே இரண்டு வகையும் உண்டு. "இன்ஜின் அணைந்த நிலையில் வண்டி நகருமா?" என்று ஷோரூமில் கேளுங்கள்.

ஓட்டம் அதிகமுள்ளவர்கள் தாராளமாக எடுங்கள். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் சாதாரண பெட்ரோல் காரே எடுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். தினம் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு என்று கீழே எழுதினால், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.