ஃபியூஸ் போனால் கம்பி, ஏ.சி. போனால் கேஸ்!

மலப்புரம் பக்கமிருந்து லோடு ஏற்றி வரும் லாரி வழிக்கடவு தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அங்கிருந்து நாடுகாணி வரை ஏற்றமும் வளைவும்தான். சின்ன கியரில் ஊர்ந்துதான் ஏற முடியும். எஞ்சின் முழு பலத்தையும் கொடுக்கிறது, ஆனால் அதைக் குளிர வைக்க எதிர்க்காற்று கிடையாது. டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போவதில் ஆச்சரியம் என்ன?

ஓரம் கட்டி ஆற விடலாமே என்பீர்கள். மைசூர் போகிற வண்டி கூடலூர், முதுமலை தாண்டி பந்திப்பூர் போயாக வேண்டும். அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. தடை காட்டு விலங்குகளுக்காக, அதில் தப்பில்லை. ஆனால் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டிய டிரைவருக்கு அரை மணி நேரம்கூடப் பெரிய நேரம்.

"அண்ணே, வண்டி சூடாவுது."

"தண்ணி ஊத்திட்டு வாடா, நேரமாச்சு."

ஓனரின் இந்த ஒரு வரி வைத்தியத்தில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ஆவி கையையும் முகத்தையும் பொசுக்கும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். அப்புறம் பஞ்சாயத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: "டிரைவருக்கு அறிவு வேணாமா?"

சரி, அறிவு யாருக்கு இல்லை என்று பார்த்துவிடுவோம்.

சுமார் 1000 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை 110 டிகிரிக்கு மேல் தள்ளுகிறது. அதன் ரப்பர் செத்துப் போனால் மலையில் வண்டி கொதிக்கத்தான் செய்யும். மூடியின் விலை என்ன, எஞ்சின் வேலையின் விலை என்ன? கணக்குத் தெரிந்த ஓனர் எதை மாற்றுவார்?

பல ஒர்க் ஷாப்களில் நடப்பது வேறு. "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி, சூடே ஆகாது!" இது பெரிய மூடநம்பிக்கை. தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புவது. பல எஞ்சின்களில் கூடவே பைபாஸ் வழியையும் அதுதான் அடைக்கிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினையே சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்!

அடுத்து ஏ.சி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகை லாரிகளுக்கு (3.5 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ளவை) கேபின் ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நல்ல சட்டம். எஞ்சின் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க வேகிறவருக்கு இது சொகுசு இல்லை. "ஏ.சி. போட்டால் தூங்கிவிடுவான்" என்கிறவர்கள் மே மாதம் அந்த சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் அந்த ஏ.சி. நின்றால்? "கேஸ் தீர்ந்து போச்சு, அடிக்கணும்." டீசல் மாதிரி தீர்ந்து போகிற பொருளா அது? மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

பார்க்க வேண்டிய வரிசை எளிது. காற்றே வரவில்லையா? ஃபியூஸ், புளோயர் மோட்டார். காற்று வருகிறது, குளிர் இல்லையா? கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச். சமதரையில் ஓடும்போது குளிர்ந்து, ஏற்றத்தில் மட்டும் குளிரவில்லை என்றால் ஃபேனையும் கண்டன்ஸரையும் பாருங்கள். கண்டன்ஸர் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது. அதில் மண் அடைத்தால் ஏ.சி.யும் போகும், எஞ்சினும் சூடாகும். வியாதி ஒன்று, பில் இரண்டு!

கரண்ட் சமாச்சாரம் இன்னும் மோசம். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றுவது. ஃபியூஸ் உருகுவது வயரைக் காப்பாற்ற. கம்பி உருகாது, அதனால் வயர் உருகும், கேபின் எரியும். பெரிய லாரி பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்த்தது. பாட்டுப் பெட்டிக்கு ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் இழுத்தால் இரண்டும் சமமாக சார்ஜ் ஆகாமல் சீக்கிரம் சாகும். "செல்ஃப் எடுக்கல" என்றதும் புதுப் பேட்டரி வாங்கும் முன், எர்த் கேபிள் முனையைச் சுரண்டி முடுக்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் 28 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 1989ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் பயிற்சிப் பாடத்திட்டத்திலேயே வண்டியின் இயந்திர அறிவும் பழுது பார்ப்பதும் இருக்கின்றன. ஏட்டில் இருக்கின்றன. கற்றுக் கொடுப்பவர் யார்? கற்றவருக்கு மல்டிமீட்டரும் மாற்று ஃபியூஸும் வாங்கித் தருபவர் யார்? வண்டி ஆறும்வரை காத்திருக்கிற நேரத்துக்குப் படி தருபவர் யார்?

வண்டியின் தேய்மானத்தை வருடாவருடம் கணக்கில் எழுதுகிறார்கள். டிரைவரின் கை வெந்ததை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? சட்டம் ஏ.சி.யைக் கொடுத்துவிட்டது. அறிவையும், கருவியையும், அரை மணி நேரத்தையும் கொடுக்க வேண்டியது முதலாளி. அதைக் கொடுக்காதவருக்கு, நாடுகாணி ஏற்றத்தில் ஆவி பறக்க நிற்கும் மனிதரைப் பார்த்து "அறிவு வேணாமா" என்று கேட்கும் யோக்யதை கிடையாது.