அம்மாவோட பழைய வாஷிங் மெஷினும் ஒரு ₹1,500 கணக்கும்



போன மாசம் திருச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டுல இருந்த செமி-ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் மேல பழைய பேப்பர் கட்டு அடுக்கியிருந்தது. 2001-ல சீட்டு எடுத்த பணத்துல அம்மா வாங்கின மெஷின் அது. ரெண்டு மாசமா ஓடலையாம். 63 வயசுல அம்மா கையால துவைச்சிட்டு இருந்திருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கேட்டதுக்கு, "உனக்கு ஹோம் லோன் வேற ஓடுதேப்பா"ன்னாங்க.

உடனே போனை எடுத்துப் புது மெஷின் தேடினேன். அதே மாதிரி செமி-ஆட்டோமேட்டிக், ₹12,000. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு பக்கத்துலயே பட்டன். அம்மா தடுத்தாங்க: "அவசரப்படாதடா, முதல்ல இதைச் சரி பண்ண முடியுமான்னு பாரு."

இந்த இடத்துல நாம வழக்கமா ரெண்டு தப்புல ஒண்ணைப் பண்ணுவோம். ஒண்ணு, யோசிக்காம புதுசு வாங்குறது. இன்னொண்ணு, பாசத்துல பழசுக்கு அளவில்லாம செலவு பண்றது. ரெண்டாவது தப்பு சிக்கனம் மாதிரி தெரியும், அதனால ஆபத்து அதிகம். இன்னைக்கு ₹200, அடுத்த வாரம் ₹400, அப்புறம் "இவ்வளவு போட்டாச்சே, இதையும் பண்ணிடுவோம்"னு ₹1,800. ஏற்கெனவே போன பணத்தை எங்க தொழில்ல "சங்க் காஸ்ட்"னு சொல்வோம், அதாவது மூழ்கிப்போன செலவு. அடுத்த முடிவுல அதுக்கு இடமே கிடையாது.

அதனால ஸ்க்ரூ டிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடியே ஒரு எல்லையை எழுதி வைக்கணும். என் கணக்கு இதுதான்: புது மெஷின் ₹12,000, 8 வருஷம் உழைக்கும்னு வச்சா வருஷத்துக்கு ₹1,500. பழசைச் சரி பண்ணினா இன்னும் ஒரு வருஷமாவது ஓடும்னு நம்பினேன். அப்போ என் எல்லை ₹1,500. அதுக்கு மேல ஒரு ரூபாய் போனாலும் புதுசு வாங்குறதுதான் லாபம்.

"என் ஒரு மணி நேரச் சம்பளம் ₹400, ஞாயித்துக்கிழமையை இதுல ஏன் வீணாக்கணும்?"னு நீங்க கேக்கலாம். அந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு யாராவது ₹400 தரப் போறாங்களா? இல்லைன்னா அந்தக் கணக்கு செல்லாது.

வேலைக்கு வருவோம். பிளக்கைக் கழட்டிட்டுப் பின்பக்க மூடியைத் திறந்தேன். ஒரு எச்சரிக்கை: பிளக்கைக் கழட்டினாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும். அதை எப்படிப் பாதுகாப்பா இறக்குறதுன்னு தெரியாதவங்க கை வைக்காதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நானும் அதைத்தான் பண்ணினேன். மோட்டார் "உம்"முனு முனகுச்சு, ஆனா சுத்தலை. கெப்பாசிட்டர் போயிருந்தது, ₹180. பெல்ட் வெடிச்சிருந்தது, ₹220. டிரெயின் ஹோஸ் ₹150. எலக்ட்ரீஷியன் கூலி ₹350. மொத்தம் ₹900. துவைக்கிற பக்கம் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

அப்புறம்தான் சோதனை. பிழியுற பக்கம் ஓடலை. தொட்டிக்கு அடியில இருக்கிற சீல் தேஞ்சு, தண்ணி கசிஞ்சு மோட்டார் மேல இறங்கி, காயில் எரிஞ்சிருந்தது. மோட்டாரும் சீலும் ₹1,800. எல்லையில மீதி இருந்ததோ ₹600.

உண்மையைச் சொல்றேன், பர்ஸை எடுத்துட்டேன். 24 வருஷ மெஷினைப் பாதி ஊனமா விட மனசு வரலை. அம்மாதான் நிறுத்தினாங்க. "துவைக்கிறதுதான்டா எனக்குக் கஷ்டம். சொட்டச் சொட்டக் கொடியில போட்டாலும் இந்த ஊர் வெயில்ல காஞ்சிடும். பெட்ஷீட்டுக்கு மட்டும் உங்கப்பா ஒரு பக்கம் பிடிச்சுக்குவாரு."

ஆடிட்டர் நான், எல்லையை எழுதினதும் நான். ஆனா தேவை எதுன்னு சரியாச் சொன்னது அவங்க. பழைய பொருளைச் சரி பண்றதுன்னா ஷோரூம்ல வாங்கின நாள் மாதிரி ஆக்கணும்னு அவசியமில்லை. உங்களுக்கு வேண்டிய வேலையை அது செஞ்சா போதும். பைக், லேப்டாப், ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் இதே விதிதான். இல்லை, எனக்கு இது ஆசை, முழுசாப் புதுப்பிக்கணும்னா தாராளமாப் பண்ணுங்க. ஆனா அதைப் பொழுதுபோக்குச் செலவுல எழுதுங்க, சேமிப்புன்னு உங்களையே ஏமாத்திக்காதீங்க.

கடைசியா, முக்கியமான விஷயம். ₹900 கொடுத்து நான் வாங்கினது மெஷினை இல்லை, ஒரு வருஷ அவகாசத்தை. அந்த அவகாசத்தைச் சும்மா விட்டா பிரயோஜனமே இல்லை. அன்னைக்கு ராத்திரியே மாசம் ₹1,000-க்கு ஒரு ஆர்டி போட்டேன். 12 மாசத்துல ₹12,000, மேல கொஞ்சம் வட்டி. பழசு நிக்கிற அன்னைக்கு அம்மாவுக்குப் புது மெஷின் கடன் இல்லாம வரும். "நோ காஸ்ட்"னு சொல்ற கிரெடிட் கார்டு இஎம்ஐ-லயும் பிராசஸிங் கட்டணம், வட்டிக்கு 18% ஜிஎஸ்டினு ஏதாவது ஒட்டிக்கிட்டு வரும். அதுவும் மிச்சம்.

உங்க வீட்டுப் பின்கட்டுல என்ன நிக்குது? இந்த ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. எல்லையை முதல்ல எழுதிடுங்க. அப்படியே அம்மாகிட்டயும் கேளுங்க, எது ஓடலைன்னு. அவங்களா சொல்ல மாட்டாங்க.