வன்னி மேடை இசைக்கலைஞரின் கோரிக்கைச் சாசனம்

கோவில் பரிபாலன சபையினருக்கும், திருவிழா உபயகாரருக்கும், விளையாட்டுக் கழகங்களுக்கும், சனசமூக நிலையங்களுக்கும், பிரதேச சபைகளுக்கும், பிரதேச செயலகக் கலாசாரப் பிரிவுகளுக்கும், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகளுக்கும், புலம்பெயர்ந்து வாழும் எங்கள் ஊரவருக்கும்:

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மேடையேறிப் பாடியும் வாசித்தும் வருகிற நாங்கள் இதை எழுதுகிறோம். பூங்காவனத் திருவிழா இரவுகளில், கழகங்களின் ஆண்டு விழாக்களில், கல்யாண மண்டபங்களில் எங்களைப் பார்த்திருப்பீர்கள். பகலில் எங்களில் சிலர் மேசன், சிலர் ஓட்டோ ஓடுகிறவர்கள், சிலர் ஆசிரியர், சிலர் வயல் செய்கிறவர்கள்.

ஒரு கோஷ்டி முன்னுக்கு வந்துவிட்டது என்று ஊர் எப்போது சொல்கிறது? ரீவியில் தெரிந்தால், கனடாவுக்கோ சுவிசுக்கோ அழைப்பு வந்தால், யூடியூப்பில் இலட்சம் பேர் பார்த்தால். அரியாலைச் சிறுமி கில்மிஷா 2023 டிசெம்பரில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை வென்றபோது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அப்படிக் கடல் கடந்து போவது ஒரு குரல். குழு போவதில்லை. ட்ரம்ஸ் அடிக்கிறவர் பரந்தனிலேதான் இருப்பார். வருகிற சனிக்கிழமை நிகழ்ச்சி உண்டா, இல்லையா என்பதுதான் அவருடைய கவலை.

ஆகவே எங்கள் கணக்கு வேறு. இந்த வருஷம் வாசித்த அதே ஆட்கள் அடுத்த வருஷமும் அதே குழுவில் இருந்தால் நாங்கள் வென்றுவிட்டோம். பேஸ் கிற்றார்காரர் கட்டாருக்குப் போகக்கூடாது. பாடகி கல்யாணத்தோடு பாட்டை விடக்கூடாது. கீபோட் அடகுக்கடைக்குப் போகக்கூடாது. இந்த மூன்றும் நடக்காமலிருக்க என்ன வேண்டும் என்பதே இச்சாசனம்.

நாங்கள் சொகுசு கேட்டுப் பழகியவர்கள் அல்லர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பற்றரியே வரவிடப்படவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் இது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த வாத்தியங்களை 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்த வழியெல்லாம் விட்டுவிட்டு வந்தோம். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்கு யாரும் ட்ரம்ஸ் செற்றோடு போகவில்லை. மீளக்குடியேறிய பிறகு இரவல் கீபோட்டில் தொடங்கியவைதான் இன்றுள்ள குழுக்களில் பல.

காசு

முதலில் இதைப் பேசுவோம். இதைப் பேசத்தான் எல்லாருக்கும் கூச்சம். நிகழ்ச்சி முடிய இரவு ஒரு மணி ஆகிறது. வயர் சுற்றி, பெட்டிகளை வானில் ஏற்றிவிட்டுப் போய்க் கேட்டால், "பொருளாளர் படுத்திட்டார், நாளைக்கு வாங்கோவன் தம்பி" என்கிறார்கள். நாளைக்குப் போனால் உபயகாரர் இலண்டனில். அவர் காசு அனுப்பிவிட்டேன் என்கிறார், சபை இன்னும் கிடைக்கவில்லை என்கிறது. இதற்கிடையில் சவுண்ட்காரருக்கும் வான்காரருக்கும் ஜெனறேற்றர்காரருக்கும் அன்றிரவே கொடுத்தாகவேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் உழைப்பாளிகள். கொடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் பாடினவர்களும் வாசித்தவர்களும் பிரித்துக்கொள்கிறோம். சில இரவுகளில் பிரிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

எனவே: பேசிய தொகையில் மூன்றிலொரு பங்கு முற்பணம், மீதி கடைசிப் பாட்டுக்கு முன்னர். ஒற்றைத் தாளில் ஓர் எழுத்து ஒப்பந்தம். அதில் தொகை, நேரம், மேடை, மின்சாரம் யாருடைய பொறுப்பு, மழை வந்து நின்றால் எவ்வளவு என்பவை இருக்கவேண்டும். நாங்கள் வந்திறங்கிய பிறகு மழை வந்தால் பாதித் தொகை. வெளிநாட்டு உபயகாரர் விரும்பினால் குழுவின் வங்கிக் கணக்குக்கே நேரே அனுப்பலாம். இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம் தீரும்.

பொன்னாடை வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் வானுக்கு டீசல் அடிக்க முடியாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

பத்து மணி

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவின் கீழ் அனுமதி எடுக்கவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கும் அனுமதி வழங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் பணித்தது. விசேட சமய விழாக்களுக்கு, அயலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்டு, மட்டுப்பட்ட நேரத்துக்கு நீடிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. நோயாளியும் கைக்குழந்தையும் படிக்கிற பிள்ளையும் இருக்கிற ஊரில் விடியும்வரை பெட்டி அதிர்வது எங்களுக்கே வெட்கம்.

கோவிலில் நடப்பது வேறு. வசந்தமண்டபப் பூசை முடிந்து, சுவாமி வீதியுலா வந்து இருப்புக்குப் போகப் பத்து மணி. அதற்குப் பிறகுதான் "அடுத்ததாக மாபெரும் இன்னிசை நிகழ்ச்சி" என்று அறிவிப்பு. நாங்கள் முதற்பாட்டைத் தொடங்கும்போதே சட்டப்படி நேரம் முடிந்துவிட்டது. நாலாவது பாட்டில் பொலிஸ் வந்து நிறுத்தினால் சனம் சபையைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்துத்தான் கூவுகிறது. போதாக்குறைக்கு, நிகழ்ச்சி முழுமையாக நடக்கவில்லை என்று தொகையையும் குறைக்கிறார்கள்.

நிகழ்ச்சி இரவு 7 மணிக்குத் தொடங்கட்டும், அல்லது வீதியுலா முந்தட்டும். நீடிப்பு வேண்டுமானால் கொடியேற்றத்துக்கு முன்னரே அயலவரின் ஒப்பத்தோடு சபை விண்ணப்பிக்கவேண்டும். அனுமதி கொடுக்கிற பொலிஸ் முடிவு நேரத்தை எழுத்தில் தரவேண்டும், அந்த எழுத்தின் பிரதி மேடையில் எங்கள் கையில் இருக்கவேண்டும். நேரம் முந்தி முடிந்தால் அது எங்கள் கூலியில் கழியக்கூடாது.

மின்சாரமும் மேடையும்

உழவு இயந்திரப் பெட்டிகள் இரண்டைச் சேர்த்துப் பலகை போட்ட மேடையானாலும் ஏறுவோம். ஆனால் அது ஆடக்கூடாது. மேடைக்குத் தனி இணைப்பு வேண்டும். மணிக்கடையும் ஐஸ்கிறீம் வானும் அலங்கார வளைவும் ஒரே வயரில் இழுத்தால் வோல்ற்றேஜ் இறங்கும். கீபோட் தானாக அணைந்து திரும்ப எழும்ப, பாடகர் வெறும் தபேலாவோடு சரணத்தில் நிற்பார். நில இணைப்பு இல்லாத மைக்கில் உதடு பட்டுச் சுள்ளென்று அடித்த அனுபவம் இல்லாத பாடகர் எங்களில் குறைவு. இது உயிர்ப் பிரச்சினை.

நேரலை

திருவிழாவை வெளிநாட்டில் இருப்பவர்கள் முகநூலிலும் யூடியூப்பிலும் பார்க்கிறார்கள், பார்க்கவேண்டும். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தம் ஆற்றுகையின் மேல் உரிமை தந்திருக்கிறது. அவர்களைக் கேட்காமல் பதிவு செய்யவோ ஒலிபரப்பவோ முடியாது. கேளுங்கள், நாங்கள் பெரும்பாலும் ஓம் என்றுதான் சொல்வோம். குழுவின் பெயரையும் பாடியவர் பெயரையும் போடுங்கள், விளம்பர வருமானம் வந்தால் ஒரு பங்கு தாருங்கள்.

பாடகிகள்

வாகனம் வீடுகளுக்குத் திரும்பும்போது முதலில் இறக்கப்படுவது பெண்கள். மேடைக்குப் பின்னால் கதவுள்ள அறையும் கழிப்பறையும் இல்லாத இடத்துக்கு நாங்கள் இனி ஒப்புக்கொள்ளமாட்டோம். குடித்துவிட்டு மேடையடியில் வந்து நிற்பவரை அகற்றுவது ஏற்பாட்டாளரின் வேலை, ட்ரம்ஸ்காரரின் வேலை அல்ல.

சொந்தப் பாட்டு

இளையராஜா பாட்டு இல்லாமல் வன்னியில் மேடை இல்லை, அதைக் குறைவாகவும் நினைக்கவில்லை. ஆனால் 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் இலங்கைத் தமிழில் பொப்பிசை பாடினார்கள், அதைத் தமிழ்நாடும் கேட்டது. முல்லைத்தீவுக்கு முல்லைமோடிக் கூத்து மெட்டுகள் இருக்கின்றன. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலோடு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணகி கதை பாட்டாகவே தெரியும். இத்தனை சொத்து இருந்தும் மூன்று மணி நேர நிகழ்ச்சியில் சொந்தப் பாட்டு ஒன்றைத் தொடங்கினால் முன்வரிசையிலிருந்து சீட்டு வருகிறது: "விஜய் பாட்டு போடுங்கோ." ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இரண்டு சொந்தப் பாட்டுக்கு இடம் கேட்கிறோம். இரண்டே இரண்டு.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். இழப்பைப் பற்றி, காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி எழுதிய பாட்டை மேடைக்குக் கொண்டுவர எங்கள் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தற்காலிகம் என்று 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஊரை எப்படிப் பழக்கியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. ஒரு பாட்டு குற்றம் என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழி எச்சரிக்கையை ஏற்கமாட்டோம்.

பெரிய நிகழ்ச்சிகளும் சிறிய அறைகளும்

யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு 2023 ஒக்டோபரில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வந்தார், 2024 பெப்ரவரி 9 இல் பாடகர் ஹரிஹரன் வந்தார். இரண்டாவதில் தடுப்பை உடைத்துக்கொண்டு சனம் உள்ளே பாய்ந்ததை நாடே பார்த்தது. வடக்குச் சனத்துக்கு மேடை இசையில் எவ்வளவு பசி என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை. அந்தப் பசிக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுகிறவர்கள் நாங்கள். இப்படியான பெருநிகழ்ச்சிகளுக்கு மைதானம் கொடுக்கும் சபைகள், உள்ளூர்க் குழு ஒன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்தைக் கூலியோடு ஒதுக்குவதை நிபந்தனையாக்கவேண்டும்.

பிரதேச சபை மண்டபங்கள் கூட்டம் இல்லாத மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை ஒத்திகைக்குத் திறந்துவிடுங்கள். மாரி மாதங்களில் எங்களுக்கு வேலையே இல்லை. அந்த நாளில் பிள்ளைகளுக்குக் கிற்றாரும் கீபோட்டும் ட்ரம்ஸும் சொல்லிக்கொடுக்க நாங்கள் ஆயத்தம், வாத்தியங்களைக் கலாசாரப் பிரிவு தரட்டும். கலைஞர் உதவித் திட்டங்களின் விண்ணப்பங்கள் தமிழில் பிரதேச செயலகங்களிலேயே கிடைக்கவேண்டும். எங்கள் பாடகர் எஸ்.ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் நோயோடு காலமானபோது சனம் திரண்டு வந்து அழுதது. திரளவேண்டியது வைத்தியச் செலவு இருக்கிற காலத்தில்.

நாங்கள் தருவது

சொன்ன நேரத்துக்கு வருவோம். குடித்துவிட்டு ஏறமாட்டோம். ஆளைக் குறைத்துக்கொண்டு வந்து, ட்ராக்கைப் போட்டுவிட்டு வாசிப்பதுபோல் கைகாட்டமாட்டோம்; எங்களில் சிலர் இதைச் செய்கிறார்கள், சனத்துக்கும் தெரிந்துவிட்டது. கபொத பரீட்சைக் காலத்தில் ஒலியைக் குறைக்கச் சொன்னால் குறைப்போம்.

இச்சாசனத்தை ஏற்கும் கோவில் சபைகள் ஒன்றை உடனேயே செய்யலாம், செலவும் இல்லை. திருவிழா நோட்டீசில் உபயகாரர் பெயர், அவர் தகப்பன் பெயர், அவர் இருக்கும் நாடு எல்லாம் வருகிறது. எங்களுக்கு "இன்னிசை நிகழ்ச்சி" என்ற ஒரு வரிதான். அடுத்த நோட்டீசில் குழுவின் பெயரையும், பாடுகிறவர் வாசிக்கிறவர் ஒவ்வொருவரின் பெயரையும், என்ன வாத்தியம் என்பதோடு அச்சிடுங்கள். பெயர்ப்பட்டியலை முற்பணம் வாங்கும் அன்றே தருவோம்.

இவ்வண்ணம்,
வன்னிப் பெருநிலப்பரப்பின் மேடை இசைக்கலைஞர்கள்