கைதட்ட எதற்கு அண்ணாச்சி குடியுரிமை?

திருநெல்வேலியில் கிரிக்கெட் பருவம் வந்தால் கூடவே ஒரு வாதமும் வந்துவிடும். "பெருமாள்புரம் முகாமிலும் கோபாலசமுத்திரம் முகாமிலும் இருக்கிற இலங்கை அகதிகள் வருஷக்கணக்காக நம் அரிசியைத் தின்கிறார்கள், இலங்கை ஜெயித்தால் கைதட்டுகிறார்கள். இவர்களுக்குக் குடியுரிமை ஒரு கேடா?" இப்படிக் கேட்கிற அண்ணாச்சிமார் இங்கே நிறைய. ஏதோ சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்ததுபோலக் கேட்கிறார்கள்.

இது இரவல் சரக்கு. 1990-ல் பிரிட்டன் அரசியல்வாதி நார்மன் டெபிட் இதைத்தான் சொன்னார்: குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்து அவர்களுடைய விசுவாசத்தை முடிவுசெய்யலாமாம். அவர் சந்தேகப்பட்டது நம் நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களையும்தான். நம்மை அளக்கச் செய்த கோலை எடுத்து, நம்மைவிட நாதியற்றவரை அளக்கிறார் அண்ணாச்சி.

சரி, அளக்கட்டும். முகாமில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, கோலி அவுட்டானால் அன்று சாப்பிடாமல் படுக்கிற பையனும் இருக்கிறானே, அவனுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார்களா? 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடிமகன். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர் என்றால், பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது என்றும் சேர்த்தார்கள். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் ஆப்கானிஸ்தானையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. ஆக, இந்தியாவுக்குத் தொண்டை கிழியக் கத்தினாலும் காகிதம் கிடைக்காது; இலங்கைக்கு ஒருமுறை கைதட்டினால் மட்டும் துரோகி. ஜெயித்தால் பரிசில்லை, தோற்றால் தண்டனை. இதற்குப் பெயர் சோதனையா?

அடுத்து இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா 1920-ல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். பேரன் கண்டியில் பிறந்தார், பிறந்த நாட்டுக்கு ஆடினார், டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தார். டெபிட் கணக்கில் முழு மதிப்பெண். ஆனால் அண்ணாச்சிக்கு அவரும் துரோகி! 2020-ல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் '800' படத்திலிருந்து, அவராக நடிக்கவிருந்த விஜய் சேதுபதி விலகும்வரை ஓயவில்லை. முரளியின் அரசியல் பேச்சுமீது கோபம் என்றால் அது நியாயம், எனக்கும் உண்டு. "சிங்களவன் டீமில் ஆடினானே" என்பது மட்டும் எந்த ஊர் நியாயம்? அங்கே வாழ்கிற தமிழன் அந்த நாட்டு அணியில் ஆடினால் குற்றம். அங்கிருந்து வந்தவன் அதே அணியை ரசித்தாலும் குற்றம். இதே முரளி 2008 முதல் 2010 வரை சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் பந்து வீசியபோது விசில் அடித்தவர்கள் யாராம்?

கடல்கடந்த நம்மவர் என்றால் அண்ணாச்சியின் சட்டமே மாறிவிடும். சென்னையில் பிறந்த நாசர் உசேன் இங்கிலாந்துக்குத் தலைவரானால் நமக்குப் பெருமை. 2024 ஜூனில் நியூயார்க் மைதானத்தில் அமெரிக்காவோடு இந்தியா மோதியபோது, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களும் நீலச் சட்டையில் இந்தியாவுக்குக் கத்தினார்கள். அது தாய்நாட்டுப் பாசம். அமெரிக்காவின் உப்பைத் தின்றுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் அமெரிக்காவுக்காகக் கோலியை முதல் பந்திலேயே வீழ்த்திய சௌரப் நேத்ராவல்கர் மும்பையில் பிறந்தவர்; அவரையும் யாரும் துரோகி என்று திட்டவில்லை. பச்சை அட்டை வைத்திருப்பவனுக்குப் பாசம், முகாம் அட்டை வைத்திருப்பவனுக்குத் துரோகம்!

முகாம்களில் மலையக வம்சாவளியினரும் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, திருச்சிப் பக்கமிருந்தும் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948-ல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அன்றைக்கு அந்த மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இன்றைக்கு அவர்களிடம் கேட்க அண்ணாச்சிக்குக் கிடைத்த ஒரே கேள்வி, "நீ எந்த டீம்?"

போரில் வீட்டைப் பறிகொடுத்த தகப்பனுக்கு இலங்கையின் சிங்கக்கொடியைப் பார்த்தாலே வயிறு எரியும். அதே வீட்டுப் பிள்ளைக்கு இலங்கை வீரர் சங்கக்காராவின் கவர் டிரைவ் பிடிக்கும். அது அவர்கள் வீட்டுச் சண்டை, அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு உண்மையிலேயே அவர்களுடைய விசுவாசம் வேண்டுமென்றால், முதலில் குடியுரிமை கொடுக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதட்டும். கொடுத்த பிறகும் அவர்கள் இலங்கைக்குக் கைதட்டினால், நியூயார்க்கில் நீலச் சட்டை போட்ட நம் சொந்தக்காரர்களோடு சேர்த்து அவர்களையும் கண்டிக்கலாம்.