கோபுரத்துக்குக் கொடுத்தோம், குழிக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு என் பழைய மாணவர்கள் கூடினார்கள். சாப்பாட்டுச் செலவு போக நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம். "சார், ஏதாவது அகழாய்வுக்குக் கொடுக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். "அது கவர்மென்ட் வேலைடா, நாம ஏன் கொடுக்கணும்?" என்றான் இன்னொருவன். அன்றைக்கு நான் மழுப்பிவிட்டேன். இன்று பதில் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். தெற்கு ராஜகோபுரம் சுமார் 400 ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்றார். பிரபலங்களும் கொடுத்தார்கள், பேர் தெரியாத ஜனங்களும் கொடுத்தார்கள். 1987-இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்தது. அரசாங்கம் கட்டட்டும் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

கோபுரம் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் இருப்பது தெரியாது. அதுதான் சிக்கல்.

நம் உறையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்ககாலச் சோழர் தலைநகரம். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியது. தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள், ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் ஓடுகள், துணிக்குச் சாயமேற்றும் தொட்டி எல்லாம் கிடைத்தன. ஆனால் அறிக்கை நூலாக வந்தது 1988-இல். தோண்டி முடித்துப் பத்தொன்பது வருஷம்! அதற்குள் அந்த மண்ணின் மேல் எத்தனை வீடுகள் எழும்பிவிட்டன!

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். உறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, ஒரு பையன் வீட்டு அஸ்திவாரக் குழியில் கிடைத்த கறுப்பு சிவப்பு ஓடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "குப்பையை எல்லாம் வகுப்புக்குக் கொண்டுவராதே" என்று வெளியே போடச் சொன்னேன். அந்த வாரம் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் சங்ககாலச் சோழர்கள்.

அதே 1970-களில், கீழடியில் வை. பாலசுப்ரமணியம் என்ற வரலாற்று ஆசிரியர், மாணவர்கள் காட்டிய பழம்பொருள்களை மதித்துத் தொல்லியல் துறைக்குச் சொன்னவர். அகழாய்வு அங்கே தொடங்கியது 2015-இல்தான். ஆனாலும் முதலில் குனிந்து எடுத்துப் பார்த்தவர் ஒரு வாத்தியார். அவரும் வாத்தியார், நானும் வாத்தியார்.

சரி, பணத்துக்கு வருவோம். அகழாய்வுக்கென்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் 7 கோடி ரூபாய், எட்டு இடங்களுக்கு ஒதுக்கினார்கள். நினைத்தவர் எல்லாம் மண்வெட்டி தூக்கவும் முடியாது. மத்திய தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே "நாங்களே தோண்டுகிறோம், ஜிபே பண்ணுங்க" என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முறையாகக் கொடுக்க விரும்பினால், மத்திய அரசு 1996-இல் ஏற்படுத்திய தேசிய கலாச்சார நிதி இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிளாக் ஃபென் என்ற இடத்தில் 2012-இல் பொதுமக்கள் பணத்திலேயே அகழாய்வு நடந்தது. பணம் கொடுத்தவர்களும் நிபுணர்களோடு குழியில் இறங்கி வேலை செய்தார்கள். நம் ஊரில் அந்த நிலை வர நாளாகும்.

அப்படியானால் ஊர் என்ன செய்யலாம்? கீழடியில் ஊர் கொடுத்தது பணம் அல்ல, நிலம். தென்னந்தோப்புக்காரர்கள் தங்கள் மண்ணைத் தோண்ட விட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் பொற்பனைக்கோட்டையைப் பற்றி புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகத்தினர் விடாமல் பேசினார்கள். 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது தங்க மூக்குத்தியும் சூதுபவள மணியும் கிடைத்தன.

இங்கேதான் "நாம ஏன் கொடுக்கணும்" என்று கேட்ட மாணவனிடம் வருகிறேன். அன்று ஓட்டை நீட்டிய பையன் அவன்தான். இப்போது கட்டட கான்ட்ராக்டர். தனியாக விசாரித்தபோது உண்மையைச் சொன்னான்: "அஸ்திவாரம் தோண்டும்போது ஓடு, பழைய செங்கல் எல்லாம் வரும் சார். சொன்னா வேலை நின்னுடும். வீட்டுக்காரர் கடன் வாங்கிக் கட்டுறார். வட்டியை யார் கட்டுவா?"

நியாயமான கேள்வி. 1878-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் பயத்தைத்தான் கொடுக்கும், வட்டியைக் கட்டாது. நாலு பேர் பார்ப்பதற்குள் ஓடு லாரியில் ஏறிவிடும்.

ஆகவே என் கருத்து இது. தோண்டுகிற செலவை அரசு பார்க்கட்டும். ஊர் திரட்டும் பணம், உண்மையைச் சொன்னதால் நஷ்டப்படுகிறவருக்குப் போகட்டும். நாலு நாள் வேலை நின்றால் கொத்தனார் கூலி, சித்தாள் கூலியையாவது ஊர் ஏற்கட்டும். மிச்சத்தில் நம் பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வேன் வைத்துக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். எது ஓடு, எது குப்பை என்று அவர்களுக்காவது தெரியட்டும்.

அந்த நாற்பதாயிரத்தை இதற்கு முதல் தொகையாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் பென்ஷனிலிருந்து ஐயாயிரம். கான்ட்ராக்டர் பணம் எதுவும் சொல்லவில்லை. "அடுத்த தடவை ஓடு வந்தா போன் பண்றேன் சார். இந்தத் தடவை பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

பார்ப்பேன்டா.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். உறையூர்க்காரர்கள் கட்டாயம் எழுதுங்கள்.