பனியில் ஒரு வாளித் தண்ணீர்

குளிர்சாதனத்தை 24இல் வைத்துவிட்டு, போர்வைக்குள் சுருண்டுகொண்டு பனிக்காலத்தைப் பற்றிப் படிப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரமாக அதைத்தான் செய்கிறேன். வட இங்கிலாந்து மலை விவசாயிகளின் வாழ்க்கைக் கதைகள். முதலில் ஜேம்ஸ் ரீபேங்க்ஸ் எழுதிய ‘தி ஷெப்பர்ட்ஸ் லைஃப்’. அதை முடித்த கையோடு ஹன்னா ஹாக்ஸ்வெல்லின் ‘சீசன்ஸ் ஆஃப் மை லைஃப்’.

ஹன்னா, பால்டர்ஸ்டேல் பள்ளத்தாக்கில் தனியாக வாழ்ந்தவர். வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, 30களின் நடுவில் பண்ணை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. பனிக்கட்டியை உடைத்து ஓடைத் தண்ணீரை வாளியில் சுமக்க வேண்டும். 1973இல் அவரைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பான பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. பார்த்தவர்கள் கடிதமும் பணமும் அனுப்பினார்கள்.

இந்தப் புத்தகங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது, பனியின் அழகு அல்ல, புல் கணக்கு. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் மாடு, ஆடுகளுக்குப் பனிக்காலச் சாப்பாடு. குளிர் எத்தனை கடுமை என்பதைவிட, கொட்டகையில் இருக்கும் புல் எத்தனை நாள் வரும் என்பதே கேள்வி. நம் வீடுகளில் மாதக் கடைசியில் அரிசி டின்னைத் தட்டிப் பார்ப்பதுபோல.

1947இல் அந்தக் கணக்கு தப்பியது. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை, பிரிட்டனில் ஏதாவதொரு மூலையில் பனி பெய்யாத நாளே இல்லை. காற்றுக்கு ஒதுங்கிக் கற்சுவரோரம் நின்ற செம்மறி ஆடுகளை அங்கேயே பனி மூடியது. நீளக் கம்பால் குத்திப் பார்த்தும், நாயின் மூக்கை நம்பியும் தோண்டி எடுத்தார்கள். நாட்டின் ஆடுகளில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது.

இதைப் படித்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பாட்டி நினைவுக்கு வந்தார்.

2010 டிசம்பர். டர்ஹமில் படித்துக்கொண்டிருந்தேன். நூறு ஆண்டுகளில் அத்தனை குளிரான டிசம்பர் வந்ததில்லை என்றார்கள். வாடகை வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து மூன்று நாள் தண்ணீர் இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில், “எல்லாம் நல்லா இருக்கும்மா, சூடாத்தான் இருக்கு” என்று புளுகிவிட்டு, வாளியோடு பாட்டி வீட்டுக்குப் போனேன். அப்போது ஹன்னாவும் உயிரோடுதான் இருந்தார், அங்கிருந்து 50 கிலோமீட்டருக்குள். பெயர்கூட எனக்குத் தெரியாது.

பாட்டி மலைப்பண்ணையில் பிறந்தவராம். “இதெல்லாம் ஒரு குளிரா?” என்று சிரித்தார். 1947இல் தனக்குப் பத்து வயது, அப்பா விடியுமுன் மண்வெட்டியோடு கிளம்புவார், அண்ணன் விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் போவான் என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மறுநாள் கட்டுரை ஒப்படைக்கும் நாள். கண் முழுக்க வாளியிலேயே இருந்தது.

கடைசி மூட்டைப் புல் தீர்ந்த நாளைப் பற்றி ஆரம்பித்தார். வாளி நிரம்பிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு குழாய் சரியாகிவிட்டது. ஜூனில் ஊர் திரும்பும்வரை அவர் கதவைத் தட்டவில்லை.

அவர் அப்பா எத்தனை ஆடுகளை மீட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.